கட்டிப்போட்ட ராட்டை

ஊறுகாய் ஜாடியின் மூடி இறுகிப்போனால் நீங்களெல்லாம் யாரைக் கூப்பிடுகிறீர்களோ தெரியாது. நான் யாரையும் கூப்பிடுவதில்லை. மருமகன் நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டுத் தூங்குவான், மகளுக்கு அவசரம், பேரனுக்கு போன். நானே துணி சுற்றித் திருகுகிறேன். திருகும்போது மணிக்கட்டு வலிக்கிறது, கூடவே ஒரு பித்தளை ராட்டையின் நினைப்பும் வருகிறது. நம்ம வயசில் புத்தி அப்படித்தானே? சர்க்கரை எவ்வளவு, பிரஷர் எவ்வளவு என்று பேச்சை ஆரம்பித்து எங்கேயோ போய் நிற்போம். இன்றைக்கு நான் போய் நிற்கிற இடம் ஏரிக்கரை. கொஞ்ச நேரம் கூட வாருங்கள்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் காலம்போல வருமா என்று பெருமூச்சு விட நான் உட்காரவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் பக்கவாதத்துக்குப் புறா ரத்தம் தடவினார்கள். இப்போது காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை. எது மேல் என்று என்னைக் கேட்டால் மாத்திரைதான்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டைக்குப் போகிற வழியில், ஏரியை ஒட்டி எங்கள் ஊர். இன்றைக்குக் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கிற இடம் அன்றைக்குக் கடலைக் கொல்லை. எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்போம். என் நைனா பயிர் வைக்கிற ஆள் இல்லை, லாரி ஓட்டுகிறவர். கல்யாணத்துக்கு முன்னால் மெட்ராஸில் ஒரு வெள்ளைக்கார எஞ்சினியருக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்தத் துரைக்குத் தூண்டில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் செம்பரம்பாக்கம் ஏரிக்குக் காரை விடச் சொல்வாராம். நைனா புழு கோத்துக் கொடுப்பாராம், துரை வெயிலில் சிவந்துபோய் உட்கார்ந்திருப்பாராம். சீமைக்குக் கப்பல் ஏறுகிற சமயத்தில் துரை எல்லாருக்கும் ஏதேதோ கொடுத்தார். நைனாவுக்குக் கொடுத்தது தன் தூண்டில் ராட்டையை.

ராட்டை என்றால் நூல் நூற்கிற ராட்டை இல்லை. ஊர்க்காரர்கள் அதற்கு வேறு பேர் தெரியாமல் துரை ராட்டை என்று வைத்துவிட்டார்கள். உள்ளங்கையை விட்டு வெளியே வழிகிற அளவில் ஒரு பித்தளை வட்டம். அதற்குள் கறுப்பு மரத்தில் ஒரு உருளை, உருளை நிறைய தூண்டில் நரம்பு. பக்கவாட்டில் மாட்டுக்கொம்பில் கடைந்த சின்னக் கைப்பிடி. இதை மூங்கில் கோலின் அடியில் கட்டிக்கொண்டு நரம்பை வீச வேண்டும். மீன் இழுத்தால் உருளை சுழன்று விட்டுக்கொடுக்கும். கைப்பிடியைச் சுற்றினால் மீனைத் திரும்பக் கொண்டுவரும். உள்ளே ஒரு பல்சக்கரமும் அதன் பற்களில் தட்டுகிற ஒரு சின்ன இரும்பு நாக்கும் உண்டு. அதனால் எந்தப் பக்கம் சுழன்றாலும் கிர்ர்ர் என்று ஒரு சத்தம் வரும்.

அந்தச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கும். லாரியை விட்டு இறங்கி வந்ததும் நைனா வாசலில் குந்தி ராட்டையைச் சுற்றிப் பார்ப்பார். லாரியிலிருந்து கொண்டுவந்த ஆயிலில் கோழி இறகைத் தோய்த்து ஒரே ஒரு சொட்டு விடுவார். தேங்காயெண்ணெயைக் கிட்டவே கொண்டுபோக விடமாட்டார். ஊரில் கிண்டல் பண்ணாத ஆள் கிடையாது. "கைய வுட்டா கெண்ட வர்ற ஏரிக்கு மிஷினு ஒரு கேடா?" என்பார்கள். நைனா சிரித்துக்கொண்டே போவார், வரும்போது விரால் தொங்கும். கிண்டல் பண்ணினவர்கள் வீட்டிலிருந்தே பிறகு குழம்பு கேட்டுக் கிண்ணம் வரும்.

விரால் கிடக்கிற இடம் மதகடி. அங்கேதான் வம்பு. மதகுக்குப் பக்கத்தில் ஒரு கல் நிற்கும், அதுதான் மதகு முனி. ஏரித் தண்ணீருக்கு அவர் காவல். விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தப் பக்கம் யாரும் நிற்கக் கூடாது என்பது ஊர்க்கட்டு. நைனா நிற்பார். அம்மா தலைப்பாடாக அடித்துக்கொள்வாள். "முனி போற வழியில குந்திகினு மீன் புடிக்கிற ஆள நீ எங்கயாவது பாத்துகீறியாடி?" என்று என்னைத்தான் கேட்பாள். அவரைக் கேட்க முடியாத கேள்வியெல்லாம் என்னிடம்தான் வரும்.

ஒரு பங்குனி மாதம், பொழுது சாய்கிற நேரம், ஆடு ஓட்டி வந்தவர்கள் நைனாவைக் கயிற்றுக் கட்டிலில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மதகடியில் விழுந்து கிடந்தாராம். வலது கையும் வலது காலும் அவருடையதே இல்லை என்பதுபோல் கிடந்தன. வாய் ஒரு பக்கமாகக் கோணியிருந்தது. இடது கையில் மட்டும் ராட்டையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தார். அதை விரல் விரலாகப் பிரித்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஸ்ரீபெரும்புதூர் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டு வண்டி கட்டினார்கள். கட்டின வண்டி பூசாரி வீட்டுப் பக்கம் திரும்பிவிட்டது. யார் திருப்பினார்கள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. யாரும் கெட்ட எண்ணத்தில் திருப்பவில்லை. எல்லாருக்கும் பார்த்த உடனே தெரிந்துவிட்டது, இது முனி அடி என்று. வைத்தியம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சாமியைக் கேட்போம் என்று நினைத்தார்கள். நைனாவுக்கு ரொம்ப நாளாகத் தலைவலி, பிடரி வலி. கருவாடு இல்லாமல் சோறு இறங்காது, பீடி இல்லாமல் வண்டி ஓடாது. இன்றைக்கு அதை நம் பேரப்பிள்ளைகள் கூடச் சொல்லிவிடுவார்கள், பிரஷர் என்று. அன்றைக்கு அந்த வார்த்தை எங்கள் ஊர்வரைக்கும் வந்து சேரவில்லை.

பூசாரி உடுக்கை அடித்துக் குறி சொன்னார். "ராட்டையில ஏறிக் குந்திகினு கீறாரு. அது சுத்த சுத்த இவன் உசுர இழுத்துக்குவாரு. ராட்டைய கட்டு. அது சுத்தாம இருக்கிறவரைக்கும் இவன் உசுருக்கு ஒண்ணும் இல்ல."

அம்மா கட்டினாள். மஞ்சள் கயிற்றைக் குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றி, உருளையோடும் கைப்பிடியோடும் சேர்த்து முடிச்சுப் போட்டாள். மேலே சந்தனத்தைக் குழைத்து அப்பினாள், குங்குமம் வைத்தாள், எலுமிச்சம்பழத்தை நறுக்கிப் பிழிந்தாள், வேப்பெண்ணெய் விட்டாள். விளக்கு மாடத்தில் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். அமாவாசைக்கு அமாவாசை இதையே திரும்பச் செய்தாள். பழைய சந்தனத்தை எடுக்கக் கூடாது என்பது பூசாரி சொன்ன விதி, அதனால் மேலே மேலே பூசினாள்.

பித்தளைக்கு எலுமிச்சை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். வேப்பெண்ணெய் காய்ந்தால் பிசின், சந்தனம் காய்ந்தால் சிமெண்ட். அடுத்த பங்குனி வருவதற்குள் ராட்டை பச்சையும் சிவப்பும் மஞ்சளுமாக ஒரு கட்டி ஆகிவிட்டது. முனி பிடித்திருந்தாரோ இல்லையோ, அம்மாவின் பக்தி நன்றாகப் பிடித்துக்கொண்டது.

நைனா பிழைத்துக்கொண்டார். காலுக்குக் கொஞ்சம் தெம்பு திரும்பியது, இழுத்து இழுத்து நடப்பார். வலது கை வரவில்லை. பேச்சு வரவில்லை, சத்தம்தான் வந்தது. ஊர்க்காரர்கள் அவரைப் பார்க்க வந்தால் செவிடரிடம் பேசுவதுபோல் கத்துவார்கள், "சாப்ட்டியா கண்ணு" என்று குழந்தையைக் கேட்பதுபோல் கேட்பார்கள். லாரியை மலைக்கல்லோடு பாலாறு தாண்டி ஓட்டின மனிதர், கட்டிலில் உட்கார்ந்து கண்ணை மட்டும் அப்படியும் இப்படியும் திருப்புவார். அவருக்குப் புத்தி தெளிவாக இருந்தது. அது எனக்குத் தெரிந்தது, ஏனென்றால் தாயக்கட்டத்தில் என்னை அவர் ஜெயிக்காத நாளே கிடையாது. ஆனால் பத்து வயசுப் பெண் சொன்னால் யார் கேட்பார்கள்?

நான் சொல்ல வந்த பருவம் அதற்கப்புறம் வந்த மழைக்காலம்.

அந்த ஐப்பசியில் விடாமல் கொட்டியது. அடுப்பில் விறகு எரியாமல் வீடு முழுக்கப் புகை. கூரையிலிருந்து ஒழுகுகிற இடத்துக்கெல்லாம் பாத்திரம் வைத்து, சமைக்கப் பாத்திரம் இல்லாமல் போனது. ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகக் கட்டியிருந்த கலங்கல் வழியாக வழிந்தது. கலங்கல் ஓடினால் எங்கள் ஊரில் அது திருவிழா. பறை அடித்துக்கொண்டு எல்லாரும் ஏரிக்குப் போவார்கள், மஞ்சள் குங்குமம் போடுவார்கள், கிடா வெட்டுவார்கள். பொடிசுகள் வழிகிற தண்ணீரில் வேட்டியை விரித்துக் கெண்டைக்குஞ்சு பிடிக்கும். ஊரே கரையில் நின்றது. எங்கள் வீடு மட்டும் சாத்திக் கிடந்தது.

பறைச் சத்தம் கேட்டதும் நைனா கட்டிலை விட்டு எழுந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு மாடத்துக்குப் போனார், இடது கையால் ராட்டையை எடுத்தார், இழுத்துக்கொண்டே வந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த அம்மாவின் மடியில் வைத்தார். அம்மா நெருப்பு விழுந்த மாதிரி பதறிப்போய் எடுத்துத் திரும்ப மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அவர் திரும்ப எடுத்து வந்து வைத்தார்.

"வேணாம்யா," என்றாள் அம்மா. "உனுக்கு ஒண்ணுன்னா நானும் இந்தக் கொழந்தையும் எங்க போவோம்?"

நைனாவுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அந்த ராட்டை சுற்ற வேண்டும், அவர் ஏரிக்கரைக்குப் போக வேண்டும். அம்மாவுக்கு வேண்டியதும் ஒன்றே ஒன்று. அவர் உயிரோடு இருக்க வேண்டும். ராட்டை சுற்றினால் உயிர் போகும் என்று அவள் முழுசாக நம்பினாள். இரண்டு பேரும் ஒருத்தர்மேல் ஒருத்தர் உயிரையே வைத்திருந்தவர்கள். அதனால்தான் அந்தச் சண்டை அவ்வளவு மோசமாக இருந்தது. பேச்சு இல்லாத சண்டை. அவர் எடுத்து வருவார், அவள் கொண்டுபோய் வைப்பாள். காலையில், மத்தியானத்தில், சோற்றுத் தட்டுக்கு முன்னால். ஒரு கட்டத்தில் அவர் தட்டைத் தொடுவதையே நிறுத்திவிட்டார்.

தீபாவளி லீவுக்கு என் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. கிண்டியில் லேத்து பட்டறையில் வேலை. கட்டம் போட்ட சட்டை, ஹேர் ஆயில் வாசனை, எதற்கெடுத்தாலும் "எங்க கம்பெனில" என்கிற பேச்சு. எனக்கு மத்தாப்பு வாங்கிவந்தார், அம்மாவுக்குப் புடவை. நைனாவுக்கு ஒன்றும் வாங்கிவரவில்லை, என்ன வாங்குவது என்று தெரியவில்லை என்று நினைக்கிறேன். நைனா ராட்டையை எடுத்துவந்து அவர் கையில் வைத்தார்.

மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னா மாமா இது, கொழக்கட்ட மாதிரி ஆக்கி வெச்சிகினு கீறீங்க!" என்றார். நைனா சிரித்தார். கோணின வாயோடு அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மறுநாள் அம்மா நடவுக்குப் போனதும் மாமா ஒரு பாட்டில் மண்ணெண்ணெய், ஒரு ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர், சுத்தி எல்லாவற்றையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்தார். கயிற்றை அறுத்தார். மேல் சந்தனத்தைத் தட்டி உதிர்த்தார். மண்ணெண்ணெய் ஊற்றிக் கொஞ்சம் ஊற வைத்தார். நடுவில் ஒரு மரை தெரிந்தது. அதில் பிளேயரைப் போட்டுத் திருகினார். வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

நைனா கட்டிலிலிருந்து சத்தம் போட்டார். இடது கையைத் தூக்கி வட்டமாகச் சுழற்றினார். மாமா, "இருங்க மாமா, வந்துடும்," என்று இன்னும் பலமாகத் திருகினார். நைனா இன்னும் பலமாகச் சத்தம் போட்டார், கை காற்றில் சுழன்றுகொண்டே இருந்தது, முகமெல்லாம் ரத்தம் ஏறிவிட்டது. மாமா சுத்தியை எடுத்துப் பிளேயரின் பிடியில் ஒரு தட்டு தட்டினார். நைனா அலறினார்.

அந்த நேரம் பார்த்து அம்மா சேற்றுக் காலோடு உள்ளே வந்தாள். அவள் கண்ணில் பட்டது இது: கயிறு அறுந்து கிடக்கிறது, சந்தனம் உதிர்ந்து கிடக்கிறது, புருஷன் கண்ணை உருட்டிக்கொண்டு கையைச் சுழற்றிக் கத்துகிறார். முனி அவிழ்ந்துவிட்டார் என்பதற்கு அவளுக்கு வேறு என்ன சாட்சி வேண்டும்? சாமி மாடத்துத் திருநீற்றை அப்படியே அள்ளி அவர் முகத்தில் வீசினாள். அவர் தும்மினார். மாமாவின் முதுகில் விழுந்தது விளக்குமாறு.

"படுபாவி, என் தாலிய அறுக்கத்தான் வந்தியா?"

"யக்கா, முனியும் இல்ல, சனியும் இல்ல. துரு! வெறும் துரு!"

"உன் கம்பெனில போய்ச் சொல்லு!"

மாமா அன்றைக்கே பஸ் ஏறிவிட்டார். மண்ணெண்ணெய் பாட்டிலை மறந்து விட்டுவிட்டுப் போனார். அம்மா புதுக் கயிறு கட்டி, புதுச் சந்தனம் அப்பினாள். அப்புவதற்குள் அழுதுவிட்டாள்.

நைனா எதற்காகக் கத்தினார் என்று இப்போது எனக்குத் தெரியும். அந்த மரை எதிர்ப்பக்கம் சுற்றினால்தான் கழலும். லாரி ஓட்டுகிறவர்களுக்கு அந்த மாதிரி மரையெல்லாம் பழக்கம். மாமா கழற்றுவதாக நினைத்து இறுக்கிக்கொண்டிருந்தார். மறுபக்கம், மறுபக்கம் என்றுதான் நைனா கையால் சொல்லிக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த ஒரே விவரம் தெரிந்த ஆள் அவர், அவர் சொன்னதைத்தான் நாங்கள் முனி என்றும் வலிப்பு என்றும் நினைத்துக்கொண்டோம். பேச முடியாமல் போவது பெரிய கஷ்டம் என்று நினைக்கிறோம். அதைவிடப் பெரிய கஷ்டம், பேசுவது வியாதியாகத் தெரிவது.

பிறகு சில நாள் வீட்டில் சத்தமே இல்லை. நைனா ராட்டையைக் கொண்டுவந்து வைப்பதையும் நிறுத்திவிட்டார். அம்மா அதை நல்ல குறி என்று எடுத்துக்கொண்டாள். எனக்குப் பயமாக இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கமாட்டார், தாயக்கட்டையை உருட்டினால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம், மழை விட்டு வெயில் அடித்த நேரம், நானும் அம்மாவும் நெல் காயப் போட்டுவிட்டு உள்ளே வந்தோம். நைனா தரையில் உட்கார்ந்திருந்தார். ராட்டையை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இடுக்கி, இடது கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குனிந்து அந்த மரையைப் பல்லால் கடித்துத் திருகிக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தாரோ. நாங்கள் வந்தது அவருக்குத் தெரியவில்லை. ஏதோ நொறுங்குகிற சத்தம் கேட்டது. தலையைத் தூக்கினார். முன்பல் ஒன்று பாதியாக உடைந்திருந்தது. ரத்தம் மோவாயில் வழிந்து, ராட்டைமேல், அம்மா புதுசாக அப்பியிருந்த சந்தனத்தின்மேல் சொட்டியது.

அவர் அம்மாவைப் பார்த்தார். அடிக்கப் போகிறாள் என்று பயந்த பிள்ளையின் முகம் அது. என் நைனா முகத்தில் அதற்கு முன்னால் அதை நான் பார்த்ததே இல்லை.

அம்மா சந்தனத்தின்மேல் ரத்தம் ஊறி இறங்குவதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள். வழக்கம்போல என்னிடம்தான்.

"பாத்தியாடி? ரத்தம் வாங்கிக்கினாரு. முனி கேட்டது ரத்தம்தான். வாங்கிக்கினாரு, எறங்கிட்டாரு. இனிமே கட்டு எதுக்கு?"

சாமிக்கு ரத்தம் விழுந்தால் பலி ஆயிற்று, பலி ஆனால் சாமி இறங்கிவிடும். இது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம். கோழி ரத்தம் விழ வேண்டிய இடத்தில் மனுஷ ரத்தமே விழுந்துவிட்டது, இனிமேல் பூசாரியே வந்தாலும் மறுப்புச் சொல்ல முடியாது. நான் அன்றைக்கு அதை அப்படியே நம்பினேன். வயசு ஆக ஆகத்தான் வேறு ஒன்று தோன்றுகிறது. அவளும் நம்பினாளா? அந்த முகத்தை அதற்குமேல் பார்க்கத் தாங்காமல், தன் நம்பிக்கையில் எங்கே கதவு இருக்கிறது என்று தேடி, அதைத் திறந்துகொண்டு வெளியே வந்தாளா? அவளைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் விளக்குமாறு என் முதுகில் விழுந்திருக்கும்.

மறுநாள் காலையில் அம்மா தலைக்குக் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அரிவாள்மணையில் வைத்துக் கயிற்றை அறுத்தாள். அலுமினியச் சட்டியில் வெந்நீர் காய்ச்சி ராட்டையை அதில் முக்கி எடுத்தாள். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட டம்ளரைப் பிரிக்க நாம் செய்வோமே, அதே வேலைதான். வெந்நீரில் போட்டதும் வேப்பெண்ணெய் இளகி, வீடு முழுக்கக் கசப்பு வாசனை. சட்டித் தண்ணீர் கலங்கிச் சிவப்பாகிவிட்டது. என் கொண்டை ஊசி ஒன்றைப் பிடுங்கி, இடுக்கிலிருந்த சந்தனத்தைக் கெல்லிக் கெல்லி எடுத்தாள். அடுக்கடுக்காக வந்தது. ஒவ்வொரு அடுக்கும் ஒரு அமாவாசை. அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று அதைப் பார்த்தால் தெரியும்.

துணியால் ஒற்றி எடுத்து, வெயிலில் காய வைத்து, மாமா விட்டுப்போன மண்ணெண்ணெயை மரையைச் சுற்றிச் சொட்டுச் சொட்டாக விட்டாள். நைனா எதிரில் உட்கார்ந்து கையைக் காட்டினார், பொறு என்று. பொறுத்தோம். சோறு வடித்தோம், குழம்பு வைத்தோம், அவர் அன்றைக்குச் சாப்பிட்டார். மத்தியானத்துக்குமேல் அம்மா பிளேயருக்குப் பதில் பாக்குவெட்டியைத் துணி சுற்றி எடுத்துக்கொண்டு வந்தாள். மரையில் பொருத்தி, மாமா திருகின பக்கமே திருகப் போனாள். அந்தப் பக்கம் இல்லை என்று நைனா தலையை ஆட்டினார். இடது கையைத் தூக்கி வட்டமாகச் சுழற்றினார்.

அம்மா நிறுத்தினாள். அவர் கையையே கொஞ்ச நேரம் பார்த்தாள். "இந்தப் பக்கமா?" என்றாள்.

நைனா தலையை ஆட்டினார்.

"அன்னிக்கும் இதத்தான் சொன்னியா நீ?"

அவர் திரும்பவும் ஆமாம் என்று தலையை ஆட்டினார். அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. "நான் ஒரு முண்டம்," என்றாள். திருநீறு வீசின கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள், அதில் இன்னும் திருநீறு ஒட்டிக்கொண்டிருப்பதுபோல.

மறுபக்கம் திருகினதும் மரை ஒரு முனகு முனகியது, பிறகு வந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே பச்சைக் களிம்பு. உருளை அச்சோடு ஒட்டிக் கிடந்தது. அதை இழுக்கக் கூடாது என்று நைனா ஜாடை காட்டினார். அம்மா வெந்நீரில் துணி நனைத்துப் பிழிந்து பித்தளையைச் சுற்றி ஒத்தடம் கொடுத்தாள், அவர் கைக்குத் தினமும் கொடுப்பதுபோலவே. ஒத்தடம், ஒரு சொட்டு மண்ணெண்ணெய், மெல்ல ஒரு அசைப்பு. கொஞ்சம் அந்தப் பக்கம், கொஞ்சம் இந்தப் பக்கம். உருளை மயிரிழை நகர்ந்தது. பிறகு கால் சுற்று. பிறகு கழன்று அம்மாவின் கைக்கு வந்துவிட்டது. பல்சக்கரத்தின் பற்களில் குங்குமம் கெட்டித்துக் கிடந்தது. அந்தச் சின்ன இரும்பு நாக்கு துருவில் ஒட்டிப்போயிருந்தது. அதை மட்டும் நைனா யாரையும் தொட விடவில்லை. கொண்டை ஊசியை இடது கையில் வாங்கி அவரே விடுவித்தார்.

எல்லாவற்றையும் துடைத்து மாட்டினோம். நரம்பு மக்கிப்போயிருந்தது, புது நரம்பு மண்ணூர்ச் சந்தையில் கிடைத்தது. கோழி இறகை நானே கொண்டுவந்தேன். ஆயிலுக்கு ரோட்டில் நின்ற ஒரு லாரிக்காரரைக் கெஞ்சினேன். நைனா ஒரே ஒரு சொட்டு விட்டார். கைப்பிடியைப் பிடித்தார். அம்மா இரண்டு கையாலும் தாலியைப் பிடித்துக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள்.

கிர்ர்ர்.

அம்மா ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். நைனா உயிரோடுதான் இருந்தார். இன்னொரு தடவை சுற்றினார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, ஓடிப்போய் அவர் முதுகைக் கட்டிக்கொண்டேன். மண்ணெண்ணெய் நாற்றம், வேப்பெண்ணெய் நாற்றம், பழைய பீடி நாற்றம்.

அந்தப் பருவம் முழுக்க, ஏரியில் தண்ணீர் இருந்தவரைக்கும், நைனா மதகடிக்குப் போனார். கோலை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டு இடது கையால் சுற்றக் கற்றுக்கொண்டார். முதல் நாள் கவ்வின விரால் கோலையே பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது. நான் குறுக்கே பாய்ந்து பிடித்தேன். போகப் போக அவருக்கே பிடிபட்டது. கிண்டல் பண்ணின ஆட்கள் இப்போது கரையில் நின்று கைதட்டினார்கள். செவிடரிடம் கத்துகிற மாதிரி கத்துவதையும் நிறுத்திவிட்டார்கள். விரால் பிடிக்கிறவனுக்குக் காது கேட்கும் என்று எப்படியோ தெரிந்துவிட்டது போலிருக்கிறது. நைனா அதற்கப்புறம் என் கல்யாணத்தைப் பார்த்துவிட்டுத்தான் போனார். ஒரு தை மாதம் விடிகாலையில், வீட்டில், கட்டிலில். ராட்டை, அந்த மழைக்கு அப்புறம் பிறந்த என் தம்பி வீட்டுக்குப் போனது, அங்கிருந்து பழைய பித்தளையோடு எடைக்குப் போய்விட்டது. அதற்காக அவனோடு சண்டை போட்டேன், பிறகு விட்டுவிட்டேன்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல நினைத்தது ராட்டையை இல்லை, அம்மாவை. நைனா மதகடிக்குப் போன நாளெல்லாம் அவளும் கூடப் போனாள். மீன் பிடிக்க இல்லை. தண்ணீரைக்கூட அவள் பார்க்கவில்லை. முனிக் கல்லுக்கும் நைனாவுக்கும் நடுவில், கல்லைப் பார்த்துக்கொண்டு, கடலை உரித்தபடி உட்கார்ந்திருப்பாள். வீட்டில் அத்தனை வேலை கிடக்கும். விளக்கு வைக்கிற நேரம் ஆனாலும் அவர் எழுகிறவரைக்கும் எழமாட்டாள்.

ஒரு நாள் நான் கேட்டுவிட்டேன். "அதான் ரத்தம் வாங்கிக்கினு எறங்கிட்டாரே, அப்புறம் ஏம்மா தெனமும் வர்ற? பயமா கீதா?"

அம்மா கல்லிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பயமாத்தான் கீது," என்றாள். "அதான் வந்து குந்திகினு கீறேன். முனி எட்டிப் புடிக்கணும்னா மொதல்ல நான்தான கைல ஆப்புடுவேன்."